அவன் என்றொரு குடும்பப் பெயர்

ஜீரோ கேட்டிலிருந்து டிரெய்லர் வரிசை
எண்ணூர் நெடுஞ்சாலையை அடைத்து நிற்கிற ராத்திரி.
தேசப்பன் அண்ணன் ரிஜிஸ்டரில் டார்ச் அடிக்கிறார்.
"ஹி நாட் ரிட்டர்ன்டுன்னு எழுதிக்கிற.
அவன் வரலன்னா எவன் வரல?
பேர எழுதும்மா."

அதான்ணே பேரு.

கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் பதினோரு வருஷமாக
மாலுமிகள் பட்டியலை டைப் அடிக்கிறவள் நான்.
சரக்குத் தாளில் நிங்போ என்று வரும்.
அமைதியான அலை என்று அர்த்தமாம்.
காசிமேட்டுக் கல்லில் நின்றுகொண்டு
அதை எப்படி நம்புவது.
சிங்டாவ் எங்கள் யார்டில் குயிங்டோ,
சூப்பர்வைசர் வாயில் கிங்டாவோ,
பச்சைத் தீவு என்று ஒருத்தரும் சொன்னதில்லை.
கியூவும் எக்ஸும் இருக்கிற ஊரென்றால்
லோடுமேன் பாக்கியம்
"அந்தக் கணக்கு வாத்தியார் ஊரு" என்பான்.
பெட்டி சரியாகத்தான் போய்ச் சேர்கிறது.

முந்தாநாள்
மூன்றாம் இன்ஜினியர் பல்வலியோடு இறங்கினார்.
பாஸ்போர்ட்டில் இரண்டெழுத்து, பிறகு நாலெழுத்து.
முதலில் இருப்பது குடும்பம்.
எனக்கு இனிஷியலில் அப்பா முன்னால் நிற்பதுபோல.
"மிஸ்டர் ழௌ?" என்றேன்.
இசட் பக்கத்தில் ஹெச் வந்தால் எனக்கு அது ழ.
கிரேன் யூனியன்காரர் அப்பா
நன்மொழி என்று வைத்துவிட்டுப் போனார்,
பள்ளிக்கூடத்திலிருந்து சுமக்கிறேன் அந்த ரெண்டெழுத்தை.
அவர் என் கழுத்து அட்டையைப் பார்த்து
"நன்மோஜி" என்றார்.

நாக்கு இரண்டு பேருக்கும் மேலேதான் மடிகிறது.
அவர் அங்கே முட்டிவிட்டுத் திரும்புகிறார்,
நான் தொடாமல் வழுக்கிவிடுகிறேன்.

டாக்டருக்காகக் காத்திருந்த பெஞ்சில்
போனில் தன் பெயரைத் தட்டினார்.
ஒரே சத்தத்துக்கு
கீழே எறும்பு வரிசையாய் எழுத்துகள்.
ஒன்றைத் தொட்டு, படகு, இதுதான் நான் என்றார்.
ஹெச்சும் ஈயும் சேர்ந்தது ஹி இல்லை, ஹ.
வெறும் ஹ போதாது,
கடைக்காரனிடம் விலை கேட்கிற மாதிரி குரல் ஏறணும்.
அந்த எழுத்தின் பழைய அர்த்தமே
என்ன, எந்த.

எந்தப் படகு.
நாற்பது வயது ஆள், ஒரு கேள்வியாகப் பிறந்து
இங்கிலீஷில் அவன் ஆகிவிட்டார்.

பக்கத்து எழுத்தைத் தொட்டு
வீங்கிய கன்னத்தைக் காட்டினார்.
இதுவும் ஜோதான், இதே உயரம், இதே இழுப்பு,
இரண்டு நாளாக இதுதான் சாப்பாடு.
போன் இங்கிலீஷில் சொன்னது: கான்ஜி.
நான் சிரித்த சிரிப்பில்
டோக்கன் கூப்பிடுகிற பெண் நம்பரை மறந்தாள்.
யோவ், அது எங்க கஞ்சி.

சீட்டின் தலைப்பைப் படித்தார்:
தொண்டியார்பெட்.
இல்லை சார், தண்டையார்பேட்டை என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது.
தொண்டியிலிருந்து வந்த ஒருவர் பேரில் ஊர் என்பார்கள்.
வெள்ளைக்காரன் எழுத்து தொண்டியை விடாமல் வைத்திருக்கிறது,
நாங்கள்தான் அதன் காலில் தண்டை மாட்டிவிட்டோம்.
இதை அவருக்கு எந்த மொழியில் சொல்ல?
மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு என்று மட்டும்
சைகை காட்டினேன்.

இன்றைக்கு மறுபடி மாத்திரை வாங்கப் போனவர்தான்.
பதினொன்றே முக்காலுக்கு
ஷேர் ஆட்டோ புகையிலிருந்து இறங்குகிறார்,
கையில் மருந்துக் கவர், இன்னொன்றில் வாழைப்பழம்.

"தமிழ்லயே எழுதிடு, கொழப்பமே வாணாம்"
என்கிறார் தேசப்பன் அண்ணன்.
ஹ எழுதினேன்.
ஏறுகிற குரலுக்கு நம்மிடம் எழுத்தில்லை,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தேன்.
அப்புறம் ஜோ.

டார்ச் கிட்டே வருகிறது.
"இன்னாம்மா இது, கொஸ்டின் மார்க்கு?
ஆளு எதிர்லயே நிக்கிறான்,
பேரு தெரியாதா ஒனக்கு?"