மொத்த ஏற்றம் பதினொரு மீட்டர்

ஆத்தூர் வீட்டுக்கு வந்து
ஹேண்டில்பாரிலிருந்து கழற்றிய சின்னப் பெட்டி சொன்னது:
தூரம் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர்.
மொத்த ஏற்றம் பதினொரு மீட்டர்.

குற்றாலத்துப் பக்கம் ஓட்டுகிறவர்கள்
ஆயிரத்துக்குக் கீழே பேசமாட்டார்கள்.
நான் இந்தப் பதினொன்றை எங்கே ஏறினேன் என்று
குளிக்காமல், உப்புக் காய்ந்த முழங்காலோடு
உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறேன்.

முக்காணிப் பாலம்
போக இரண்டு, வர இரண்டு.
கீழே ஆறு
கடலுக்குப் போகிற அவசரம் எதுவுமில்லாமல்
அமலைச் செடியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

உமரிக்காடு தாண்டி ஏழு மடைகள்.
ஆளுக்கு அரை மீட்டர் என்று வைத்தால் மூன்றரை.
ஒரு மடைமேல்
வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோவுக்கு வழிவிட்டு
ஒற்றைக் காலூன்றி நின்றேன், நாரைபோல.
ஓட்டியவன் என் டயரைப் பார்த்துவிட்டு
‘மோட்டார் எங்கே’ என்றான்.

கொற்கைக் குளத்தங்கரை, இரண்டு.
அங்கேதான் தார் முடிந்து சரள் தொடங்கியது.
பக்கத்தில் யாரோ பொரிகடலை மெல்வதுபோல்
அதன்பிறகு நாள் முழுக்கக் காதில் அந்தச் சத்தம்.

முன்னால் ரெமிஜியுஸ் மச்சாது.
புன்னைக்காயல்காரன்.
தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
ஆறு நாளும் நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறவனுக்கு
ஞாயிற்றுக்கிழமை தட்டையாக வேண்டும்.

தட்டைதான். பழையகாயலுக்குக் கிழக்கே
பூமி, வார்த்த தண்ணீர்மாதிரி கிடந்தது.
பாத்திக்குப் பாத்தி வானம்.
பவளக்கால் உள்ளான் ஒவ்வொன்றும்
தன் தலைகீழ்ப் பிம்பத்தின்மேல் மிதித்து நடந்தது.
ஆனி மாதக் கச்சான் முதுகைத் தள்ள
கியரே மாற்றாமல் போனோம்.
திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தியது.
அந்த ஏற்றத்தைப் பெட்டி எழுதாது.

வரைபடத்தில் பாதையென்று ஒரு கோடு.
உப்பளத்து வரப்பில் அது
சீமை உடைக்குள் நுழைந்து, முள்ளாக வெளியே வந்தது.
என் பின்டயரில்.

‘எங்கன போறிய?’
ரப்பர் பூட்சோடு வந்த பெண்ணின் பெயர் சண்முகக்கனி.
‘அங்கிட்டு வரப்பு அத்துக் கெடக்கு பாத்துக்கிடுங்க.
ஓதம் ஏறிட்டுன்னா
இங்கனயே நீங்களும் உப்பா வெளஞ்சிருவிய.’

ட்யூபைப் பாத்தித் தண்ணீரில் முக்கினோம்.
குமிழி வந்தது, ஓட்டை தெரிந்தது,
ஆனால் காய்ந்ததும் ரப்பரில் உப்பு பூத்து
ஒட்டு ஒட்டவில்லை.
ஒன்றும் சொல்லாமல் தன் குடிதண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து
ட்யூபின்மேல் ஊற்றினாள்.
பாதிப் பாட்டில்.

பசை காய்கிற நேரத்தில்
வழி பார்க்க உப்பு அம்பாரத்தில் ஏறினேன்.
மூன்று மீட்டர் இருக்கும். கால் சரிந்து சரிந்து போனது.
சைக்கிள் கீழே படுத்திருந்தது, பெட்டியும் அதோடு.
இன்றைக்கு நான் நின்ற பெரிய உயரம்
கணக்கிலேயே இல்லை.

என்னைத் தாண்டி, தலையில் கூடையோடு
அவள் ஏறினாள், கவிழ்த்தாள், இறங்கினாள்.
‘ஒரு நாளைக்கு எத்தன நட, அக்கா?’
‘எண்ணுறதுக்குத்தான கணக்குப்பிள்ளையப் போட்டுருக்காவ.’
மறுபடி ஏறினாள்.

எண்பது நடை என்றால்
எண்பது மூணு
வேண்டாம்.

நாலு, மூன்றரை, இரண்டு.
ஒன்பதரை வருகிறது.
மீதி ஒன்றரை மீட்டர் எங்கே?
வீட்டு வாசல் சரிவு ஒரு முழம்.
ஆட்டுக்கூட்டத்துக்காக ஏறிய மண்மேடு.
முக்காணியில் வேகத்தடை.
எதைச் சேர்த்தாலும் குறைகிறது.

செல்போன் முனகுகிறது. மச்சாது.
‘எனக்கு ஒம்பதுதான் காட்டுது.
நீ எங்கலே ஏறுன?’