பதினொரு விநாடி

இரவு ஒன்பது மணி வெயிலில்
பூலா ஏரியைக் குறுக்கே கிழித்துக்கொண்டு
தூரெயும் சைமியும் வந்தார்கள்.
சொல்லிவிட்டு வருகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை.
படகுச் சத்தம்தான் கடிதம்.

ஒரு கூடை புது உருளைக்கிழங்கு,
தோல் கழுவினாலே உரிந்துவிடும்.
ஒரு கட்டு சதகுப்பைத் தழை.
"மீன் உன் பொறுப்பு" என்றாள் சைமி.
நான் வாளியைக் காட்டினேன்.
காலையிலிருந்து பிடித்ததில்
மிச்சம் இருந்தது ஒரு மேகம்.

படகின் அடியிலிருந்து தூரெ எடுத்தான்
இரண்டு மரப்பலகைகள்.
சறுக்கு வார்னிஷ் செதில் செதிலாய் உதிர்ந்தது.
"எண்பத்தாறில் இதன்மேல் நின்றவன் நான்."
இப்போது வயது அறுபத்துமூன்று,
இடது முழங்கால் மிக்கேலி ஆஸ்பத்திரி கொடுத்தது.
ஆர்வி என்னைப் பார்த்தான்,
நான் மோட்டாரைப் பார்த்தேன்.
எங்கள் மோட்டார்
புல்வெட்டும் இயந்திரத்துக்கு அண்ணன் முறை.

முதல் தடவை ஏரியைக் குடித்தான்.
இரண்டாம் தடவை
கயிறு மட்டும் திரும்பி வந்தது.
மூன்றாம் தடவைக்கு
எடையைக் குறைத்தோம்:
நங்கூரத்தை இறக்கினோம்,
துடுப்புகளை, பீர்ப் பெட்டியை,
யோசித்துவிட்டு சைமியையும் இறக்கினோம்.
படித்துறையில் என் பக்கத்தில் வந்து நின்று
திட்டிக்கொண்டே தலை துவட்டினாள்.

பிறகு எழுந்தான்.
கூன் போட்டு, பின்புறம் தண்ணீரைத் தேய்த்து,
ஏதோ கழிப்பறையிலிருந்து பாதியில் எழுந்தவன் மாதிரி
ஆனாலும் எழுந்தான்.
ஒன்று, இரண்டு என்று சைமி தொடங்க
நானும் சேர்ந்துகொண்டேன்.
எதிர்க்கரை எங்கள் எண்களை
ஒரு எண் பின்தங்கித் திருப்பிச் சொன்னது.

பக்கத்து வீட்டு ஆவா,
ஒன்பது வயது,
துடுப்புப் பலகையில் குப்புறப் படுத்து மிதந்தவள்,
நடுவில் என்னவோ கத்தினாள்.
ஏழு, எட்டு.
கையை நீட்டிக் காட்டினாள்.
பத்து, பதினொன்று,
தூரெ நாணல் ஓரமாய் மடிந்து விழுந்தான்.
"அதுதான் சொன்னேன்" என்றாள் ஆவா,
"உங்க தூண்டில் போயிடுச்சு."
படித்துறையில்
கம்பு சாத்தியிருந்த ஆணி மட்டும் நின்றது.

சவுனாவில் கல்லின்மேல் நீர் ஊற்றும்போது
பதினொன்று பதினைந்தாகியிருந்தது.
உருளைக்கிழங்கோடு வெண்ணெய், உப்பு,
மீன் இருக்கவேண்டிய இடத்தில் மீன் பேச்சு.
கொசுக்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை
உட்கார்ந்திருந்தோம்.
தூரெயின் கண்ணாடி ஏரியடியில் கிடந்தது,
அதனால் சைமிதான் ஓட்டிப் போனாள்.

யாமம் என்ற சொல்லை
ஜூனில் யாரும் எடுப்பதில்லை;
கம்பளிக் கையுறைகளோடு
அலமாரியில் கிடக்கிறது.
ஆர்வி தலைமேல் தலையணை போட்டுத் தூங்கினான்.
எனக்கு வரவில்லை.
மூன்று மணிக்கு ஜன்னலில்
நாணல் காற்றில்லாமல் அசைந்தது.

தனியாகத் துடுப்புப் போட்டேன்.
தக்கைக் கைப்பிடி மேலே மிதந்தது,
இழுத்தால் மறுமுனையும் இழுத்தது.
ஹவுகி,
வாத்து மூக்கு, என் கையளவு நீளம்,
இரவெல்லாம் நாணலோடு சண்டையிட்டு
அலுத்துப்போன முகம்.
வலையில் அள்ளும்போதுகூட
என்னைக் கண்டுகொள்ளவில்லை.

வீடு நூறு கெஜம்தான்.
ஆனால் படகின் மூக்கு
எதிர்க்கரைக்குத் திரும்பிவிட்டது,
நானும் திருத்தவில்லை.
நடு ஏரியில் மூடுபனி இடுப்பளவு.
ஒரு லூன் பறவை முங்கிப் போய்
எழவேயில்லை, அல்லது
நான் பார்க்காத பக்கம் எழுந்தது.

அவர்கள் படித்துறையில்
தோளில் துண்டோடு தூரெ,
உள்ளங்கைக் கொப்புளங்களைத்
தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தான்.
கண்ணாடி இல்லாததால்
யார் என்று கேட்டான்.
"மீன்" என்றேன்.

"தூங்கலையா?"
"இருட்டினதும் போகலாம்னு இருந்தேன்."

கயிற்றை வாங்கிக் கட்டினான், முகம் சுளித்து.
"பதினொன்றா, பன்னிரண்டா?"
எண்ணியது நான்தானே.
உள்ளே சைமி
காப்பிப் பாத்திரத்தை வைக்கும் சத்தம்.
"பதினொன்று."
கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தான்.
"எதிரொலியையும் சேர்த்தா
பன்னிரண்டு" என்றான்.