சீட்டு எடுக்கும் முன்

கதவுக்குப் பின்னால் நான்கு ஆணி,
நான்கு கால்சட்டை.
ஜன்னலுக்கு வெளியே வெப்பமானி மைனஸ் ஆறு என்கிறது.
அது ஜன்னலின் கணக்கு. காட்டுக்கு வேறு கணக்கு.

முதல் ஆணியில் தொங்குவது ஆகஸ்டு.
வாத்து வேட்டைக்கு வாங்கியது, வெங்காயத் தோல் மாதிரி.
நாணலில் நனைந்தால் அரை மணியில் காயும்,
கொசுவுக்கு அது துணியே அல்ல.
பக்கத்தில் செப்டம்பர், முழங்காலில் தோல் வைத்துத் தைத்தது,
காட்டுக்கோழியின் பின்னால் புதர் புதராய் நுழைந்து வெளிவர.
மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
கயானி நகரத்துக் கடையில் முந்நூறு யூரோ.
மழை ஒரு சொட்டு இறங்காது, உண்மைதான்.
ஆனால் ஒவ்வோர் எட்டுக்கும்
யாரோ சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிற சத்தம்.
அதைப் போட்டிருந்த என்னை
எந்த மிருகமும் பார்த்ததில்லை.
கேட்டதோடு சரி.

நான்காவது கம்பளி.
சாம்பல் நிறம், ஈர நாயின் வாசம்.
அதைப் போட்டால் என் கால்கள் எனக்கே கேட்பதில்லை.

அக்டோபரின் கடைசிச் சனி.
சிக்கல் குளிரில் இல்லை, சீட்டில்.
ஆறு மணிக்கு வேட்டைக் குடிலில்
ஹில்க்கா தன் காபிக் குவளையைக் குலுக்கி நீட்டுவாள்.
நாயோடு நடப்பவர் இருவர்,
மூஸ் வரும் வழியில் காத்து உட்காருபவர் ஒன்பது.
நடப்பவருக்கு மைனஸ் ஆறு என்றால் வியர்வை.
உட்காருபவருக்கு அதுவே இருபது.
சீட்டைப் பிரிக்கும்போதோ
எல்லோரும் ஏற்கெனவே உடுத்தியிருக்கிறோம்.

இரண்டையும் எடுத்துப் போகலாமே என்பீர்கள்.
போன வருடம் போனேன்.
'கெர்த்து வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வந்துவிட்டாள்'
என்று ஓஸ்ஸி சிரித்தான், குடிலே சிரித்தது.
அதன்பின் எடுத்துப் போவதில்லை.
அதன்பின் ஓஸ்ஸியோடு பேசுவதுமில்லை.

மூன்று வாரமாய் எனக்கு நடைதான் விழுந்தது,
நான்காவது வாரமும் விழும் என்று நம்பி
செப்டம்பரைப் போட்டுக்கொண்டு போனேன்.
ஏழாம் இருக்கை விழுந்தது.
சதுப்பின் ஓரம், காற்று நேர் எதிரே.

எட்டரைக்கு என் முழங்கால்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கின.
ஒன்பதுக்குச் சத்தம் போட்டே பேசின.
அப்போது மரங்களுக்கிடையே
கழுத்துப் பட்டன் வரை திறந்துவிட்டு,
கொதிக்கிற சட்டி மாதிரி ஆவி பறக்க
ஓஸ்ஸி வந்தான். தடத்தைத் தவறவிட்ட நாயோடு.
கீழே கம்பளி. தடித்தது. டிசம்பருக்கானது.

என் கால்களைப் பார்த்தான்.
ஒரு வருடத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் சொல்:
"கால்சட்டை."

ஒரே மரம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்.
தோட்டா எடுத்த துப்பாக்கிகள் நடுவில் சாய்ந்திருக்க
நாய் மட்டும் இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது.
யாரோ வானொலியில் என் இருக்கை எண்ணைக் கேட்டார்கள்.
நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

அவன் கம்பளி சுட்டது, அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிபோல.
இடுப்பில் இன்னொருத்தி நுழையலாம்.
தொப்பியின் ஆரஞ்சு நாடாவைக் கழற்றிக் கட்டினேன்.
என் செப்டம்பர் அவனுக்குக் கெண்டைக்காலோடு நின்றுவிட்டது.
கொக்கு மாதிரி போனான். சிரிக்கவில்லை நான்,
அவன் மேட்டைத் தாண்டும்வரை.

பையில் அதிமதுர மிட்டாய் டப்பா, பாதி காலி.
ஒன்றை எடுத்துக்கொண்டேன். பிறகு இன்னொன்று.

மூஸ் வரவில்லை.
பதினொன்றுக்கு ஒரு முயல் வந்தது.
வெண்பனி இன்னும் விழாத பழுப்புச் சதுப்பில்
காது நுனி தவிர முழுக்க வெள்ளையாகி,
கண்ணில்லாதவனுக்கும் தெரிகிற மாதிரி
அசையாமல் உட்கார்ந்திருந்தது,
தன்னை யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்து.

அதுவும் சீட்டு எடுக்கும் முன்பே
உடுத்திக்கொண்டு வந்துவிட்டது.

டப்பாவை மெல்ல மூடினேன்.
கம்பளி சத்தம் போடவில்லை.