மூன்றாவது தூண்

கதவு எண் என்ன என்று கேட்டார் மனு எழுதுகிறவர்.
கதவே இல்லை என்றேன்.
தெரு?
தலைக்கு மேலே ஓடுகிறது என்றேன்.

திம்மராயன் சிரிக்கவில்லை.
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி
கொஞ்ச நேரம் கலெக்டர் ஆபீஸ் மதிலைப் பார்த்தார்.
பிறகு எழுதினார்:
நாகவேணி, கணவர் பெயர் லேட் முனிரத்தினம்,
ராயக்கோட்டை மேம்பாலத்துக்கு அடியில்,
பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்தால் மூன்றாவது தூண்,
கிருஷ்ணகிரி.
கூலி இருபது ரூபாய். வாங்கிக்கொண்டார்.

மாம்பழக் கூழ் ஆலையில்
கொட்டை வேறு தோல் வேறாகப் பிரிக்கிற வேலை எனக்கு.
ஆடி பிறந்தால் ஆலை மூடும்.
வாடகைக்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் சீசன்.
அவர் போன ஐந்தாம் மாதம்
வீட்டுக்காரர் எங்கள் பூட்டுக்கு மேலே
இன்னொரு பூட்டுப் போட்டார்.
ரேஷன் கார்டு உள்ளே இருக்கிறது என்றேன்.
பாக்கி வெளியே இருக்கிறது என்றார்.

குறைதீர்க்கும் கூட்டம் திங்கள்கிழமை.
டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை.
கண்டக்டர் கிழித்துக் கொடுத்த சீட்டில்
ரூபாய்க்கு நேரே ஒன்றுமில்லை.
ஆனாலும் ஏறுமிடம், இறங்குமிடம் இரண்டும் இருந்தன.
முந்தானையில் முடிந்து வைத்தேன்.
அன்றைக்கு ஊர் பெயர் போட்டு என்னிடம் இருந்த காகிதம்
அது ஒன்றுதான்.

வாசலில் போலீஸ்காரம்மா
பாட்டிலைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தார்.
மண்ணெண்ணெய் இல்லைங்க, குடிக்கிற தண்ணி.
அவரும் ஒரு வாய் வாங்கிக் குடித்தார்.
வெயில் அப்படி.

பதினாறாம் நாள்
தபால்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு
ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டே வந்தார்,
கதவைத் தட்டுகிற மாதிரியே.
மூன்றாவதில் நான்.
என் பெயருக்கு வந்த முதல் கவர்.
படித்துக் காட்டச் சொன்னேன்.
‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது.
இருப்பிடச் சான்று இணைக்கவும்.’

இந்தக் கவர் என் கைக்கு வந்து சேர்ந்ததே,
அது சான்றில்லையா?
தாலுகா ஆபீஸ் கிளார்க்
கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
தூணுக்கு வரி ரசீது ஏதாவது இருக்குமா என்றார்.
கேலி இல்லை அது.
அந்தக் கட்டத்தில் எதையாவது நிரப்பியாக வேண்டும்
அவருக்கும்.

ஒரு ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு நாலு பேர்.
கிளப்பத்தான் வருகிறார்கள் என்று போர்வையைச் சுருட்டினேன்.
‘சுருட்டாதீங்க அக்கா, கணக்கெடுக்கிறோம்’ என்றாள் ஜரீனா,
நகராட்சித் தங்குமிடத்தை நடத்துகிற சங்கத்துப் பெண்.
கணக்கில் நான் முப்பத்தெட்டு.
முப்பத்தேழு யாரென்று பார்த்தேன்.
பழையபேட்டை மசூதியில் நோன்புக் கஞ்சி வரிசையில்
எனக்கு முன்னால் நின்றவள்.
வெறுங்கையோடு போன எனக்குத்
தன் தூக்குப் போசியின் மூடியைக் கழற்றி நீட்டியவள்.
மூடி இன்னும் என் பையில்தான் இருந்தது.
திருப்பிக் கொடுத்தேன். வைத்துக்கொள் என்றாள்.

தங்குமிடப் பதிவேட்டிலும் உண்டு அந்தக் கட்டம்:
நிரந்தர முகவரி.
ஜரீனா அதைத் தாண்டிப் போய்
பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள்.
கட்டில் எண் பதினொன்று.
ஃபேன் காற்று கால்வரைக்கும்தான் எட்டும்.
மறுநாள் ஒரு தாளில்
‘மேற்படியார் இங்கு தங்கி வருகிறார்’ என்று எழுதி
முத்திரை குத்தித் தந்தாள்.
மை காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தேன்.

கார்டு இன்னும் வரவில்லை.
கிளார்க் மாற்றலாகிவிட்டார்.
அடுத்த வாரம் என்கிறார்கள், போன வாரமும் சொன்னார்கள்.

லாரி ஓடாத கூரைக்கு அடியில்
எனக்குத் தூக்கம் பிடிக்க நாளானது.
நேற்று விடியுமுன்னே எழுந்து பாலத்துக்குப் போனேன்,
ஏனென்று கேட்டால் தெரியாது.
என் இடத்தில் ஒரு பையன்,
செருப்பைத் தலைக்கு வைத்து,
ஆஸ்பத்திரிச் சீட்டை மடக்கி முட்டிக்கு அடியில் வைத்து.
எழுப்பவில்லை.
திரும்பி வந்து, பல் துலக்கிக்கொண்டிருந்த ஜரீனாவிடம்
மூன்றாவது தூணுக்கு ஆள் வந்துவிட்டது என்றேன்.
வாயில் நுரையோடு
டார்ச்சைத் தேடினாள்.