கேட்காத எண்

ஆயிரத்து நானூறு அடியில் கிடைத்த தண்ணீர்
வெதுவெதுவென்று வருகிறது.
கேசிங் பைப்புக்கு யாரோ மஞ்சள் பூசி
வேப்பிலை சொருகிவிட்டார்கள்.

காங்கேயத்துக்குத் தெற்கே, கிளுவை வேலி தாண்டி,
கொறங்காட்டின் நடுவில் ஜீப் நின்றதும்
சென்னியப்பன் கேட்டார்:
"கரண்டு எடுக்கலாமுங்களா?"
கோயமுத்தூர்க் கம்பெனிக்காரர் ஒருவர்
சுடுதண்ணீர் விடுதி, நாற்பது அறை என்று
கால்குலேட்டரில் தட்டிக் காட்டியிருக்கிறார்.

மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன்.
தெர்மாமீட்டரைப் பிடித்திருந்தவள் அவர் மகள் மௌனிகா.
"முப்பத்தொம்போது!"
கத்திவிட்டுச் சிரித்தாள்.
சிரித்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று புட்டி. ஒன்றில் இரண்டு சொட்டு அமிலம்,
ஒன்றில் எதுவுமில்லை,
மூன்றாவது, வழியில் ஏதாவது ஆனால் என்று.
குமிழி ஒன்றும் உள்ளே போகாமல் மூடினேன்.

தண்ணீர் பொய் சொல்லாது என்பார்கள். சொல்லும்.
சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வகுத்தால்
கீழே இருநூற்றுப் பத்து டிகிரி என்றது.
கம்பெனிக்காரருக்கு அந்த ஒரு வரி போதும்.
சிலிக்கா அடக்கமாக ஐம்பத்தெட்டு என்றது.
பிறகு மக்னீசியம் பார்த்தேன்.
நிறைய.
கொதிக்கும் பாறையோடு குடித்தனம் நடத்திய தண்ணீர்
மக்னீசியத்தை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வரும்.
இது அந்த வீட்டு வாசலைக்கூடப் பார்க்காத மழை,
எந்த வருஷத்து மழையோ.
நூறடி இறங்கினால் முக்கால் டிகிரி,
பூமி எல்லோருக்கும் கொடுக்கிற சூடு.
கொஞ்சம் மோட்டாருடையதும் இருக்கும்.

தாளின் கடைசி வரியில் இன்னொன்று:
புளோரைடு, மூன்று புள்ளி நான்கு.
ஒன்றரைதான் எல்லை.
அவர்களுடைய பழைய போர் எண்ணூறு அடி. அதே பாறை.
பொத்திய கை
மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு எட்டியது.

போனில் சொன்னேன், கரண்டு வராதுங்க.
"செரி."
கொஞ்ச நேரம் பேச்சில்லை. கடன் எவ்வளவு என்று
நான் கேட்கவில்லை.
பாப்பாவுக்கு இந்தத் தண்ணி வேண்டாங்க,
பழைய போர்த் தண்ணியும்.
"ஆத்துத் தண்ணி
வாரத்துக்கு ஒருக்காத்தானுங்களே வருது."
பின்னால் ஏதோ கன்று கத்தியது.
"மாடு குடிக்கலாமுங்களா?"

மாட்டுக்கான எல்லை எனக்கு மனப்பாடமில்லை.
இருங்க என்று சொல்லிவிட்டு
போனை மேசையில் வைத்தேன்.
எந்தப் புத்தகம் என்று தெரியாமல்
அலமாரியைத் திறந்தேன்.