தையல் எண் முப்பத்தொன்று

வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு நகர்ந்திருக்கிறது.
அவ்வளவுதான் மாற்றம் என்கிறார்கள்.
கிழக்கே நாற்பது மீட்டர்.
குப்பைமேடு இனி
ஒரு காலை நீட்டிப் படுக்கப் போகிறது
அலையாத்திக் காட்டுப் பக்கம்.

நிபோங் திபாலிலிருந்து வரும் சடக்கில்
காலை ஆறரைக்கே லோரிகளின் வரிசை.
தீவில் மிஞ்சிய நாசி கண்டார், பிஸ்கட் டின்,
வீடு மாறியவர்கள் வேண்டாமென்று விட்டுப்போன மெத்தை,
எல்லாம் பாலம் தாண்டி இங்கே வந்துவிடும்.
நான் அவற்றுக்குக் கீழே வேலை செய்பவள்.
கீழே என்றால் நிஜமாகவே கீழே.
இரண்டு மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு கறுப்பு விரிப்பு;
குப்பைச் சாறு மண்ணில் இறங்காமல் தாங்குவது அதுதான்.
அதன் தையல்களைச் சோதித்து
வெள்ளைப் பேனாவால் எண்ணும் தேதியும் எழுதி
ஒப்பமிட எனக்குச் சம்பளம்.

பத்து மணிக்குள் முடித்தாக வேண்டும்.
வெயில் ஏறினால் விரிப்பு நீளும், அலையலையாய்ப் புடைக்கும்,
இரவில் சுருங்கித் தன் தையலையே இழுக்கும்.
"பெண்டாட்டி மாதிரி" என்பார் தியோ.
நான் முறைத்தால்
"சரி, மாமியார் மாதிரி."

புதியதைப் பழையதோடு சேர்க்க
பழையதன் விளிம்பைத் தோண்டி எடுக்கிறோம்.
இயந்திரப் பல் பட்டால் கிழியும்,
கடைசி ஒரு சாண் கையால்தான்.
ரபியுல் மண்ணை வழிக்கிறான், ஈரத்துணியால் துடைக்கிறான்.
கறுப்பு மேலே வருகிறது.
பிறகு அதில் வெள்ளை எழுத்து:

தையல் 31. ஒட்டு 6. தேறியது.
கீழே என் ஒப்பம்.

ஒன்பது வருடக் குப்பையின் ஓரத்தில்
எழுத்து மட்டும் அழியாமல் கிடந்திருக்கிறது.
தமிழ்ப்பள்ளியில் படித்தது நினைவு,
தையல் என்றால் பெண் என்றும் பொருள்.
இதை ரபியுலுக்கு எந்த மொழியில் சொல்ல?

அந்தத் தேதி எனக்குத் தெரியும்.
யாழிசை வயிற்றில் ஏழாம் மாதம்.
ஒட்டின்மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றி,
வெற்றிடப் பெட்டியைக் கவிழ்த்து, காற்றை உறிஞ்சி,
மண்டியிட்டு, கண்ணாடி வழியே
பதினைந்து எண்ணும்வரை பார்க்க வேண்டும்,
குமிழி வருகிறதா என்று.
ஐந்து ஒட்டுக்கு மண்டியிட்டேன்.
ஆறாவதுக்கு உடம்பு மடங்கவில்லை.
நின்றபடியே பதினைந்து எண்ணினேன்.
எண்ணியது நிஜம்.
குனியாததும் நிஜம்.

பெட்டியைக் கொண்டு வா என்கிறேன்.
"பழசுதானே அக்கா, வெட்டிப் போடப் போறோம்."
கொண்டு வா.

முழங்கால் இரண்டும் முனக,
ஒன்று, இரண்டு, மூன்று.
நான்கில் ஒரு குமிழி.
மிளகளவு.
அவசரமே இல்லாமல் பெருத்து உடைந்து
அதே இடத்தில் இன்னொன்று.

பொறியாளர் சுஹைலா நல்லவள்.
இது மேட்டு விளிம்பு என்கிறாள்,
சாறு இவ்வளவு தூரம் ஏறியிருக்காது.
ஏறியிருந்தாலும் அடியில் களிமண்.
படிவத்தில் இதற்கென்று கட்டமும் இல்லை.

தலையாட்டுகிறேன்.
பள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்,
ஒரு சேற்று நண்டு பக்கவாட்டில் போகிறது.
அலையாத்தித் தண்ணீர் எப்போதும் தேத்தண்ணி நிறம்.
குப்பைச் சாறும் அதே நிறம்.

பேனாவை உதறி, என் கையெழுத்துக்குக் கீழே
இன்றைய தேதி எழுதுகிறேன்.
தவறியது.
ஒப்பம் முன்பு போலவே விழுகிறது,
அதே வளைவு, அதே அவசரக் கோடு.

ரபியுல் கொக்கிக்கத்தியோடு காத்திருக்கிறான்.
வெட்டிய துண்டு எங்கே போகும் என்று கேட்கவில்லை.
இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே இடம்தான்.

மணி ஒன்பது நாற்பது.
புது விரிப்பை உருட்டிக்கொண்டு வருகிறார்கள்,
தியோ மேலிருந்து கத்துகிறார்.
நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.