நான்காம் நாள் ஸ்லைடு

பார் அறுத்த காலோடு வந்தாள் பூமயில்.
பாசி எடுக்க இறங்கிய இடத்தில்
தகரம் கட்டிய செருப்பு கழன்றுவிட்டதாம்.
பேத்தை மீனாய் உப்பிக் கிடந்தது பாதம்.
"அமாவாசைக்குள்ள வத்திருமா?"
அது ஒன்றுதான் கேள்வி.
மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் இறக்கம்.

நான்காம் நாள்
கசிவில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்து
லீஷ்மன் சாயம் ஊற்றி
எண்ணெய் லென்ஸில் கண்ணை வைத்தேன்.
கச்சான் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் ஓடிவந்த வெள்ளையணுக்கள்;
ஆயுசே ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு.
சாகப்போகும்போது அவை
கருவைச் சுருட்டிக்கொள்ளும்.
உடம்பைச் சிறு பொட்டலங்களாய்க் கட்டும்.
தோலுக்கு உள்ளே இருக்கும் கொழுப்பை
வெளியே திருப்பி வைக்கும்,
சட்டையைப் புறம் மாற்றிப் போட்டுக்கொண்டு
வந்து நிற்பவர் மாதிரி.
அதுதான் அழைப்பு.

இதெல்லாம் படித்தது.
பார்த்தது இவ்வளவுதான்:
நுரை நுரையாய்ப் பெரிய செல் ஒன்று.
அதன் வயிற்றில், கரு உருண்டு கறுத்த
ஒரு வெள்ளையணு, முழுசாய்.
சுற்றிலும் ஒரு துளி சிந்தல் இல்லை.

தின்ற கையோடு சொல்லி அனுப்புமாம்:
போதும், இனி யாரும் ஓடிவர வேண்டாம்,
தைக்கிறவர்கள் வரட்டும்.

போன ஆனியில்
குந்துகால் கரையில் ஒதுங்கியது ஓர் ஆவுளியா.
மூன்று நாள், எந்த ஆபீஸிலிருந்தும் ஆள் இல்லை.
யார் தொடுவது என்று
ஆளுக்கு ஆள் போன்.
நாலாம் நாள் விடியலில் வயிறு வெடித்தது.
நாய், காக்கை, ஜீப்,
இரண்டு தெருவுக்குள் கைகலப்பு,
வாந்தி எடுத்த பிள்ளைகள்.
ஆடிவரை அந்தப் பக்கம்
மூக்கை மூடித்தான் நடந்தோம்.

பூமயிலைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
ஒற்றைக் கண்ணை இடுக்கி நெடுநேரம் பார்த்தாள்.
"நம்ம ஆளத்தானே திங்குது?"
"ஆமாக்கா."
"ஒப்பாரி, சண்ட, ஒண்ணுமில்ல?"
"இல்ல."
"எங்க சின்னப்பாலத்துல நடக்காது."
சிரித்தாள். சேலையைச் செருகிக்கொண்டே,
சிரிக்காமல்:
"தின்னது என்னாகும்?"

சிலது நிணநீரோடு போய்விடும் என்றேன்.
சிலது அங்கேயே.
"அங்கேயேன்னா?"
அதை எடுக்க இன்னொன்று வரும்.
அவள் தலையாட்டியது
நம்பியா, போதும் என்றா, தெரியவில்லை.

அமாவாசைக்கு மறுநாள்
வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.
இடுப்பளவு நீரில் பத்துப் பதினைந்து பேர்,
துணி சுற்றிய விரல்கள்,
மிதக்கும் பாசி மூட்டைகள்.
நீலச் சட்டை அவள்தான்.
கால் தண்ணீருக்குள் இருந்தது.